அவுட்போர்டு ஜெட்: ஆர்பிஎம் ஏறுது, போட் நகரலை. பம்ப் பராமரிப்பு எப்படி?

அலைக்கரை:
வணக்கம். 14 அடி அலுமினிய போட், பின்னால் 60/40 நாலு ஸ்ட்ரோக் அவுட்போர்டு ஜெட், கைமாறி வந்தது. சிங்கப்பூரில் பொங்கோல் பக்கம் கரையேற்றி வைக்கிறேன். ஓட்டம் பெரும்பாலும் ஜோகூர் நீரிணையின் கிழக்குப் பகுதி, புலாவ் உபின் தீவைச் சுற்றி. புரொப்பெல்லர் என்ஜின் வேலை தெரியும், ஜெட் புதுசு. முழு த்ராட்டிலில் ஆர்பிஎம் தாராளமாக ஏறுகிறது, வேகம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வருகிறது. கிரீஸ் அடித்தால் குழாயில் சாம்பல் நிறமாகத் தண்ணீர் கலந்து வெளியே வருகிறது. கியர் ஆயில் ஊற்றும் துளையையும் காணோம். எங்கிருந்து ஆரம்பிப்பது?

நங்கூரம்65:
கியர் ஆயில் துளையைத் தேடாதீங்க தம்பி, ஜெட்டில் கியர்பாக்ஸே கிடையாது. டிரைவ் ஷாஃப்ட் நேராக இறங்கி, தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் தள்ளும் பிளேடு சக்கரமான இம்பெல்லரைச் சுற்றுகிறது. ரிவர்ஸ் போட்டால் தண்ணீர் வெளியேறும் வாய்க்கு முன்னால் ஒரு கதவு வந்து நின்று தாரையைத் திருப்பி விடும், அவ்வளவுதான். அதனால் நியூட்ரலிலும் இம்பெல்லர் சுற்றிக்கொண்டே இருக்கும். அடியில் கையை விடுவதற்கு முன் என்ஜினை நிறுத்தி, கில் ஸ்விட்ச் கயிற்றைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்க. பம்பைப் பிரிக்கிற நாளில் ஸ்பார்க் பிளக் வயர்களையும் கழற்றிவிடணும்.

கியர் ஆயிலுக்குப் பதிலாக இங்கே உயிர்நாடி பேரிங் கிரீஸ். ஷாஃப்ட்டைத் தாங்கும் பேரிங் வீட்டிலிருந்து ஒரு மெல்லிய ரப்பர் குழாய் வெளியே வரும், அதன் நுனி கிரீஸ் நிப்பிள் மேல் மூடி மாதிரி மாட்டியிருக்கும். நுனியை உருவி எடுங்க, நிப்பிளில் கிரீஸ் கன்னை வைத்து, குழாயின் வாயில் கிரீஸ் பிதுங்கும் வரை மெதுவாக அழுத்துங்க. பிறகு குழாயைத் திரும்ப நிப்பிளில் மாட்டிவிடணும். இதை மறந்தால் அந்த வழியாகவே தண்ணீர் உள்ளே போகும்.

ஓட்டம் முடிந்த ஒவ்வொரு நாளும், போட்டைக் கரையேற்றிய உடனே இதைச் செய்யணும். அடுத்த ஓட்டத்துக்கு முன்னால் செய்துகொள்ளலாம் என்று விடுவது தப்பு. சூடாக ஓடிய பேரிங் வீடு குளிரும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், சீல் வழியாக ஈரத்தை உறிஞ்சும். உடனே புது கிரீஸ் ஏற்றினால் அந்த ஈரம் வெளியே தள்ளப்படும். உப்புத் தண்ணீர் ஒரு வாரம் உட்கார்ந்தாலே பேரிங்கில் துரு பிடித்துவிடும்.

30 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை, பழையது முழுக்க வெளியேறிப் புது நிறம் வரும் வரை அடிக்கணும். நீங்க இப்பவே அதைச் செய்துடுங்க. அதற்குப் பிறகு இரண்டு மூன்று ஓட்டம் கவனிங்க. கிரீஸ் லேசாக நிறம் மாறினால் பரவாயில்லை. மறுபடியும் கருஞ்சாம்பலாக அழுக்கோடோ தண்ணீரோடோ வந்தால் சீல் போய்விட்டது என்று அர்த்தம், பேரிங் கேரியரை இறக்கித்தான் ஆகணும். கிரீஸ் 1-ஆம் எண் தரத்தில், தண்ணீரில் கரையாத மரைன் கிரீஸாக இருக்கட்டும். கெட்டியான கார் கிரீஸ் அந்தச் சின்ன வழியில் சரியாக நகராது.

துடுப்பு:
வேகம் விஷயத்துக்கு வருகிறேன். 60/40 என்றால் என்ஜின் தலை 60 குதிரைத்திறன், ஜெட் வாயில் கிடைப்பது 40தான். அதனால் புரொப்பெல்லர் 60-ஓடு ஒப்பிட வேண்டாம். ஆனால் நீங்கள் சொல்வது படிப்படியாகக் குறைவது, அது தேய்மானத்தின் அடையாளம்.

எப்படிக் குறைந்தது என்பதை வைத்தே பாதி கண்டுபிடித்துவிடலாம். சட்டென்று உந்தலே இல்லாமல் போய் என்ஜின் மட்டும் அலறினால் ஷியர் கீ அறுந்திருக்கும். கல்லோ கட்டையோ சிக்கினால் ஷாஃப்ட்டைக் காப்பாற்ற முதலில் அறுபடுவதற்கென்றே வைத்த மெல்லிய சாவி அது. ஸ்பேர் ஒன்று எப்போதும் போட்டில் இருக்கணும். ஓடிக்கொண்டிருக்கும்போதே பாதியாகக் குறைந்து நடுக்கமும் வந்தால், தண்ணீர் உள்ளே போகும் வாயில் இருக்கும் கம்பித் தடுப்பில் கடல்புல்லோ பிளாஸ்டிக் பையோ அப்பியிருக்கும், இல்லை, பிளேடில் கயிறு சுற்றியிருக்கும். திருப்பங்களிலும் அலையிலும் மட்டும் ஆர்பிஎம் துள்ளினால் பம்ப் காற்றை உறிஞ்சுகிறது. தண்ணீர் உள்ளே போகும் வாயின் முன் விளிம்பு போட்டின் அடிமட்டத்தோடு ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள், மேலே நின்றால் 6 மில்லிமீட்டர் வீதம் இறக்கிச் சோதிக்கணும்.

இவை எதுவும் இல்லையென்றால் மிச்சம் இம்பெல்லர்தான். கம்பித் தடுப்பின் இடைவெளி வழியாக ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டு, பிளேடு நுனிக்கும் அதைச் சுற்றியுள்ள உறையான லைனருக்கும் நடுவே எவ்வளவு என்று பாருங்கள். சுமார் 0.8 மில்லி இருக்கணும். சுற்றிலும் நாலு இடத்தில் அளந்து சொல்லுங்கள்.

அலைக்கரை:
நன்றி அண்ணே, நன்றி துடுப்பு. பார்த்துட்டேன். எல்லாப் பக்கமும் 1.5 மில்லி தாராளமாக நுழைகிறது. பிளேடு முன் விளிம்பு மழுங்கி, பொடிப்பொடியாகக் கடித்த மாதிரி இருக்கு. லைனரில் லேசான கீறல்தான், விரல் நகம் மாட்டவில்லை. இம்பெல்லர் புதுசு வாங்கணுமா?

துடுப்பு:
இன்னும் வேண்டாம். லைனர் கூம்பு வடிவம். இம்பெல்லரைக் கொஞ்சம் கீழே தள்ளினால் இடைவெளி தானாகக் குறையும், அதற்குத்தான் ஷிம் என்ற மெல்லிய வாஷர்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

தண்ணீர் உள்ளே போகும் கூட்டைப் பிடித்திருக்கும் நட்டுகளைக் கழற்றிக் கூட்டை இறக்குங்கள். இம்பெல்லர் நட்டின் கீழே உள்ள பூட்டு வாஷரின் காதுகளை நிமிர்த்தி நட்டை எடுங்கள். நட்டுக்கும் இம்பெல்லருக்கும் நடுவே எத்தனை ஷிம், இம்பெல்லருக்கு மேலே எத்தனை என்று படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இம்பெல்லர் ஒட்டிக்கொண்டு வராவிட்டால் மரக்கட்டை வைத்து லேசாகத் தட்டலாம், சுத்தியல் நேராகப் படக் கூடாது. கீழே இருக்கும் ஷிம்மில் ஒன்றை மேலே மாற்றி, மாட்டி, கூட்டைப் பூட்டி, அளங்கள். போதாவிட்டால் இன்னொன்று. மொத்த எண்ணிக்கை மாறக் கூடாது, இடம்தான் மாறும். கையால் சுற்றிப் பார்க்கும்போது எங்கேயும் உரசக் கூடாது.

மாட்டும் முன் ஷாஃப்ட்டிலும் ஷியர் கீயிலும் கிரீஸ் தடவுங்கள், அடுத்த முறை உப்பில் இறுகியிருக்காது. நட்டை ஆட்டம் இல்லாத அளவுக்கு முறுக்கியபின் வாஷர் காது நட்டின் தட்டைப் பக்கத்துக்கு நேராக வராவிட்டால், சரிக்கட்ட நட்டைத் தளர்த்தாதீர்கள். நட்டை எடுத்து, வாஷரைப் புரட்டிப் போட்டுத் திரும்ப முறுக்குங்கள், காது பொருந்தும்.

இம்பெல்லர் கையில் இருக்கும்போதே முன் விளிம்பை அரத்தால் சீர்செய்துவிடுங்கள். அடிப்பக்கத்தில்தான் அரம் போடணும், மேல்பக்கக் கோணத்தைத் தொடக் கூடாது. சவரக் கத்தி மாதிரி வேண்டாம், விளிம்பில் 0.8 மில்லி அளவுக்கு வளைவு இருந்தால் போதும். மழுங்கிய விளிம்பு தண்ணீரை வெட்டாமல் அடிக்கும், அங்கே குமிழி உண்டாகிப் பிடிப்பு போய்விடும். உங்கள் ஆர்பிஎம் ஏறுவதற்கு இடைவெளி பாதிக் காரணம், விளிம்பு மீதி.

உப்புக்காற்று:
இடையில் ஒரு வார்த்தை. ஓட்டம் முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவும்போது முதலில் என்ஜினை ஸ்டார்ட் செய்து பிறகு குழாயைத் திறக்கணும், சரிதானே? ஜெட் ஸ்கீயில் அப்படித்தான்.

நங்கூரம்65:
ஜெட் ஸ்கீக்கு அது சரி. அதில் என்ஜின் ஓடாதபோது தண்ணீர் விட்டால் எக்ஸாஸ்ட் வழியாக உள்ளே ஏறிவிடும். அவுட்போர்டு ஜெட்டுக்கு நேர் எதிர். பம்ப் பக்கத்தில் இருக்கும் ஃபிளஷ் திருகைக் கழற்றி ஹோஸை இணைத்து, முதலில் தண்ணீரைத் திறந்து, பிறகு ஸ்டார்ட். ஐடிலில் 10 நிமிஷம். நிறுத்தும்போது முதலில் என்ஜின், பிறகு தண்ணீர். இதன் குளிரூட்டும் பம்ப் ரப்பர் இம்பெல்லர், தண்ணீர் இல்லாமல் சில விநாடி சுற்றினாலே கருகும். என்ஜின் தலையிலேயே தோட்டக் குழாய் மாட்டும் இணைப்பு இருந்தால், அந்த வழியில் கழுவும்போது என்ஜின் ஓடவே கூடாது.

அந்த ரப்பர் இம்பெல்லரை ஆண்டுக்கு ஒரு முறை மாற்றிடுங்க. உபின் பக்கச் சேறும் மணலும் அதைச் சீக்கிரம் தின்னும். பக்கவாட்டில் பீய்ச்சும் தாரை மெலிந்தால் கம்பியை விட்டுக் குடைந்து பாருங்க, அப்படியும் மெலிந்தே இருந்தால் பம்பைத் திறங்க.

ஸ்டார்ட் செய்யும் இடத்தில் 60 சென்டிமீட்டர் ஆழமாவது இருக்கட்டும். வேகத்தில் ஜெட் சில அங்குலத் தண்ணீரில் ஓடிவிடும், ஆனால் ஐடிலில் அடிமணலை நேராக உறிஞ்சும். உங்க பிளேடு கடிபட்டது பெரும்பாலும் அப்படித்தான். நீர் வற்றும் நேரத்தில் உபினின் கிழக்கு முனையில் இருக்கும் செக் ஜாவா மாதிரித் தரை தெரியும் இடங்களைச் சுற்றிக்கொண்டு போங்க. பம்புக்கும் கேடு, அங்கே இருக்கும் கடல்புல்லுக்கும் பெரிய கேடு.

அலைக்கரை:
கடைசியாக ஒன்று. சில வாரம் தண்ணீரிலேயே கட்டி வைக்க வேண்டி வரலாம். பம்ப் உள்ளே கொட்டலசு (ஓட்டோடு ஒட்டி வளரும் சின்னக் கடல் உயிரி) பிடிக்காமல் இருக்க, அதைத் தடுக்கும் ஆன்டிஃபவுலிங் பெயிண்ட் அடிக்கலாமா? பம்புக்குப் பதிலாகத் தான் அரிபடும் ஆனோடு கட்டி எந்த உலோகத்தில் இருக்கணும்?

துடுப்பு:
செம்பு கலந்த பெயிண்டை அலுமினியப் பம்பில் அடிக்கவே கூடாது, கடல்நீரில் அலுமினியத்தைச் செம்பு அரித்துவிடும். உங்கள் போட்டும் அலுமினியம் என்பதால் அதற்கும் இதே விதிதான். அலுமினியத்துக்கு என்று எழுதியிருக்கும் பெயிண்டை வெளிக்கூட்டுக்கு மட்டும் அடியுங்கள். லைனருக்கும் இம்பெல்லருக்கும் எதுவும் வேண்டாம். என்ஜினை முழுக்கத் தூக்கி வையுங்கள், இந்த வெதுவெதுப்பான தண்ணீரில் சில வாரத்திலேயே கொட்டலசு வாயை அடைத்துவிடும். சுரண்டுவதற்கு மரச்சில்லோ பிளாஸ்டிக் தகடோ போதும்.

ஆனோடு துத்தநாகம் அல்லது அலுமினியம். மெக்னீசியம் நன்னீருக்கு உரியது, கடலில் சீக்கிரம் கரைந்துவிடும். மேலே பெயிண்ட் படக் கூடாது, பாதி கரைந்ததும் மாற்றணும். ஸ்டெயின்லெஸ் இம்பெல்லருக்கு மாறினால் ஆனோடை இன்னும் அடிக்கடி பார்க்கணும்.

என்ஜின் ஆயில் வழக்கம்போல 100 மணி நேரம் அல்லது ஓர் ஆண்டு, நாலு ஸ்ட்ரோக் மரைன் என்ஜினுக்கான எஃப்சி-டபிள்யூ தரம். பழைய ஆயிலையும் வழித்த கிரீஸையும் மூடிய டப்பாவில் ஆயில் மாற்றும் ஒர்க்‌ஷாப்பிடம் கொடுத்துவிடுங்கள். இங்கே மழைநீர் வடிகால் எல்லாம் நீர்த்தேக்கத்துக்கோ கடலுக்கோதான் போகிறது.