கையால் அழுத்தினால் ஓடுகிறது, விட்டால் நிற்கிறது: ஸ்மார்ட் குப்பைத்தொட்டியில் லூஸ் கான்டாக்ட் எங்கே?

புதுக்கம்பி:
வணக்கம். பள்ளிக் கண்காட்சிக்கு ஸ்மார்ட் குப்பைத்தொட்டி செய்கிறேன். ஆர்டுயினோ ஊனோ (புரோகிராம் ஏற்றி ஓட்டும் சின்ன போர்டு), கை எவ்வளவு தூரத்தில் என்று அளக்க அல்ட்ராசோனிக் சென்சார், மூடியைத் திறக்க எஸ்ஜி90 சர்வோ மோட்டார், ஐ2சி மாட்யூல் (இரண்டே சிக்னல் வயரில் தகவல் வாங்குவது) ஒட்டிய 16க்கு 2 எல்சிடி திரை. எல்லாம் 830 துளை பிரெட்போர்டில் (சால்டர் இல்லாமல் வயரைச் செருகும் பலகை), ஜம்பர் வயரில். போனுக்கான 5 வோல்ட் 2 ஆம்பியர் சார்ஜரை ஊனோவின் யூஎஸ்பியில் கொடுத்திருக்கிறேன்.

மேசைமேல் வைத்துப் பார்த்தால் நன்றாக ஓடுகிறது. தொட்டியில் மாட்டியதும் மூடி இரண்டு மூன்று தடவை திறந்து மூடினால் எல்சிடியில் கண்டபடி எழுத்து வருகிறது, சில நேரம் வெறும் நீல வெளிச்சம் மட்டும். வயர்களை அழுத்திப் பிடித்தால் கொஞ்ச நேரம் சரியாகிறது. யாரும் கை காட்டாமலே மூடி திறப்பதும் உண்டு. மீட்டரை பீப் மோடில் வைத்து எல்லா வயரையும் பார்த்துவிட்டேன், எல்லாமே பீப் அடிக்கிறது. இதற்கு மேல் எப்படித் தேடுவது?

ஈயப்பற்று:
பிரெட்போர்டு பழகத்தான், ஓடும் பொருளில் வைக்க இல்லை தம்பி. ஒரு டாட் போர்டு (சால்டர் அடிக்கும் துளைப் பலகை) வாங்கி எல்லாவற்றையும் சால்டர் அடித்துவிடுங்கள். சென்சாருக்கும் எல்சிடிக்கும் 4 பின் ஜேஎஸ்டி கனெக்டர், சர்வோவுக்கு 3 பின் ஹெடர் போதும். 25 வாட் அயர்ன், 60/40 ஈயம் 0.8 மி.மீ., கொஞ்சம் பேஸ்ட். ஒரு மாலை வேலை.

ஓம்விதி:
ஈயப்பற்று சொல்வது கடைசிப் படிக்குச் சரி. ஆனால் கோளாறு எதுவென்று தெரியாமல் சால்டர் அடித்தால் அதையும் சேர்த்துப் புதைத்துவிடுவோம். முதலில் கண்டுபிடியுங்கள்.

பீப்பை நம்பவேண்டாம். பல மீட்டர்களில் 30 முதல் 50 ஓம் வரை இருந்தாலும் பீப் அடிக்கும். மீட்டர் அனுப்பும் கரண்டோ ஒரு மில்லிஆம்பியர் அளவுதான். ஒரு இணைப்பில் 1 ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எல்சிடி எடுப்பது சுமார் 25 மில்லிஆம்பியர். அப்போது அந்த இணைப்பில் விழுவது 25 மில்லிவோல்ட்தான், எல்சிடிக்கு ஒன்றும் ஆகாது. அதே கிரவுண்ட் வயர் வழியாக சர்வோவும் ஓடி, மூடியைத் தூக்கும்போது அரை ஆம்பியர் இழுத்தால்? அதே இணைப்பில் அரை வோல்ட். எல்சிடியின் கிரவுண்ட் அரை வோல்ட் மேலே ஏறி நிற்கும், சிக்னல் குழம்பும். மேசைமேல் மூடியின் எடை இல்லை, அதனால்தான் அங்கே ஓடியது.

ஆகவே கரண்ட் ஓடும்போது அளக்கவேண்டும். மீட்டரை டிசி 2000 மில்லிவோல்ட் ரேஞ்சில் வையுங்கள். கறுப்பு முனை ஊனோவின் கிரவுண்ட் பின்னில், சிவப்பு முனை எல்சிடி மாட்யூலின் கிரவுண்ட் பின்னில். துளையில் வைக்காதீர்கள், மாட்யூலின் உலோகப் பின்னையே தொடுங்கள். சர்வோ சும்மா இருக்கும்போது ஒரு அளவு, மூடி எழும்போது ஒரு அளவு. பிறகு இதேபோல ஊனோவின் 5 வோல்ட் பின்னுக்கும் எல்சிடியின் விசிசி (மின்சாரம் நுழையும்) பின்னுக்கும் இடையே. சில பத்து மில்லிவோல்ட் என்றால் பரவாயில்லை. 100ஐத் தாண்டினால் அந்த வழியில் எங்கோ கோளாறு இருக்கிறது. பாதிவழியில் முனையை வைத்து, எந்தத் துண்டில் விழுகிறது என்று குறுக்கிக்கொண்டே வாருங்கள்.

இன்னொன்று, இது பலரைச் சுற்றவிடும். எல்சிடிக்குள் இருக்கும் சிப் 4 பிட் முறையில் தகவலை இரண்டு பாதியாக வாங்குகிறது. ஒரு பாதி தவறினால் அதன்பின் வரும் எல்லாமே இடம் மாறிக் கண்ட எழுத்தாகத் தெரியும், வயர் மறுபடி ஒட்டிக்கொண்ட பிறகும்கூட. ரீசெட் செய்தால்தான் தெளியும். எனவே திரை குழம்பியிருக்கும் நேரத்தில் எந்த வயரை அசைத்தாலும் பலன் தெரியாது. ஒவ்வொரு சோதனைக்கு முன்பும் ரீசெட் அழுத்துங்கள்.

மின்குருவி:
உங்கள் தொட்டியில் இரண்டு காரணம் ஒன்றாகக் கலந்திருக்கிறது நண்பரே: சர்வோவின் ஆட்டம், சர்வோவின் கரண்ட். பிரித்துப் பாருங்கள்.

சர்வோவின் மூன்று வயரையும் கழற்றிவிட்டு, தொட்டியைக் கையால் தட்டுங்கள், ஆட்டுங்கள். திரை குழம்பினால் லூஸ் கான்டாக்ட். குழம்பவே இல்லை என்றால், மேலே சொன்ன கரண்ட் பக்கம் போங்கள். யூஎஸ்பி வழியாக வருகிற மின்சாரம் ஊனோவில் 500 மில்லிஆம்பியர் பாலிஃபியூஸை (கரண்ட் மிஞ்சினால் தடுக்கும் ஃபியூஸ்) தாண்டித்தான் வரவேண்டும். 2 ஆம்பியர் சார்ஜர் போட்டாலும் அந்த வரம்பு மாறாது. எஸ்ஜி90 மாட்டிக்கொண்டு திணறும்போது அதற்குமேல் கேட்கும். பழைய யூஎஸ்பி கேபிளை வெட்டி, சிவப்பு கறுப்பு இரண்டையும் தனி 5 வோல்ட் சார்ஜரிலிருந்து நேராக சர்வோவுக்குக் கொடுங்கள். அந்தக் கறுப்பை ஊனோ கிரவுண்டோடும் இணைக்கவேண்டும். மறந்தால் சர்வோ நடுங்கும்.

லூஸ் கான்டாக்டைப் பிடிக்க ஊனோவையே மீட்டராக்கலாம். மீட்டர் நொடிக்கு இரண்டு மூன்று தடவைதான் எண்ணை மாற்றும், மைக்ரோசெகண்ட் விடுபடலைப் பார்க்காது. சந்தேகமான வயரைக் கழற்றாமல், அதன் இரு முனையிலும் மாட்டியிருக்கும் மற்றவற்றை மட்டும் எடுத்துவிடுங்கள். ஒரு முனை 2ஆம் பின்னுக்கு, மறுமுனை கிரவுண்டுக்கு. 2ஆம் பின்னில் உள் புல்-அப்பை (பின்னை 5 வோல்ட் பக்கம் இழுத்து வைக்கும் தடை) போட்டு, சிக்னல் மேலே ஏறும் ஒவ்வொரு தடவையும் இன்டரப்ட் (ஓடும் புரோகிராமை உடனே இடைமறிப்பது) மூலம் ஒரு எண்ணிக்கை கூட்டி, சீரியல் மானிட்டரில் காட்டுங்கள். இப்போது வயரை வேரில் பிடித்து மெல்ல அசையுங்கள். நல்ல வயர் 0இலேயே நிற்கும். கெட்ட வயரில் எண் குபுகுபுவென்று ஏறும். இதற்கும் ஒரு எல்லை உண்டு: புல்-அப் 20 முதல் 50 கிலோஓம் என்பதால் நூறு இருநூறு ஓம் தடையை இது கண்டுகொள்ளாது. முழுதாக விடுபடுவதை மட்டும் பிடிக்கும். அதனால் ஓம்விதி சொன்ன அளவையும் விடாதீர்கள்.

புதுக்கம்பி:
மிக்க நன்றி. அளந்தேன். சர்வோ சும்மா இருக்கும்போது கிரவுண்டில் 18 மில்லிவோல்ட், மூடி எழும்போது 400ஐத் தாண்டிக் குதிக்கிறது. 5 வோல்ட் பக்கம் 60தான். சர்வோவைக் கழற்றிவிட்டுத் தட்டினாலும் சில நேரம் திரை குழம்புகிறது. அப்படியென்றால் இரண்டுமே இருக்கிறதா?

ஓம்விதி:
இரண்டுக்கும் ஒரே வயர் காரணமாக இருக்கலாம். ஊனோவிலிருந்து பிரெட்போர்டின் நீலக்கோட்டு வரிசைக்குப் போகும் அந்த ஒற்றை கிரவுண்ட் ஜம்பரை எடுங்கள். கறுப்பு பிளாஸ்டிக் உறையை ஒரு கையில் பிடித்து, வயரை மறுகையால் மெல்ல இழுங்கள். உறையின் பக்கத்தில் ஒரு சின்ன சன்னல் இருக்கும், அதன் வழியே உள்ளே இருக்கும் தகடு தெரியும். இழுக்கும்போது தகடு அசையாமல் வயர் மட்டும் வந்தால் கிரிம்ப் (தகடு வயரை நசுக்கிப் பிடிக்கும் இடம்) பிடிக்கவில்லை என்று அர்த்தம். விலை மலிந்த ஜம்பர்களில் ஏழெட்டு மெல்லிய இழைதான் இருக்கும், அதில் பாதி தகட்டுக்கு வெளியே மடங்கிக் கிடக்கும். ஒரு காந்தத்தை வயரிடம் காட்டுங்கள். ஒட்டினால் அது செம்பு இல்லை, செம்பு பூசிய எஃகு. தடை அதிகம்.

பிரெட்போர்டையும் பாருங்கள். 830 துளைப் பலகை பலவற்றில் சிவப்பு நீல வரிசைகள் நடுவில் இரண்டாக வெட்டப்பட்டிருக்கும். கோடு நடுவில் விட்டுப்போயிருந்தால் அங்கே ஒரு பாலம் போடவேண்டும். முன்பு 7805 ரெகுலேட்டர் போன்ற தடித்த கால் செருகிய துளைகளைத் தொடாதீர்கள். உள்ளே இருக்கும் கிளிப் விரிந்துபோயிருக்கும், அதன்பின் மெல்லிய வயரைப் பிடிக்காது.

மின்குருவி:
ஜம்பருக்குப் பதில் ஒற்றை இழைக் கம்பி போடுங்கள், 22 கேஜ், அதாவது 0.64 மி.மீ. கிடைக்காவிட்டால் லேன் கேபிளைப் பிரித்தால் உள்ளே 0.5 மி.மீ. ஒற்றைக் கம்பி எட்டு இருக்கும், தாராளமாகப் போதும். (பேட்ச் கார்டு வேண்டாம், அது பல இழை.) முனையை 7 அல்லது 8 மி.மீ. மட்டும் உரியுங்கள். குறைந்தால் கிளிப்பை எட்டாது, கூடினால் பக்கத்து வயரைத் தொடும்.

பலகைக்குள் மட்டும் ஒற்றை இழை. மூடியோடு ஆடும் இடத்தில் அது கூடாது, மடங்கி மடங்கி முறியும். அங்கே பல இழை வயர், முனையில் சால்டர் அடித்த ஹெடர் பின். பின்னிலிருந்து 2 செ.மீ. தள்ளி வயரை தொட்டிச் சுவரோடு ஒரு ஜிப் டை போட்டுக் கட்டுங்கள், இழுவை பின்னுக்குப் போகக்கூடாது. க்ளூ கன்னைப் பின்மேல் ஊற்றவேண்டாம். பசை உருகித் துளைக்குள் இறங்கினால் கான்டாக்டே போய்விடும். வயரின் தோலில் மட்டும் ஒரு பொட்டு.

புதுக்கம்பி:
கிரவுண்ட் ஜம்பரேதான்! இழுத்ததும் உறையை விட்டு வயர் கையோடு வந்துவிட்டது. லேன் கேபிள் கம்பி போட்டு, சர்வோவுக்குத் தனி சார்ஜர் கொடுத்தேன், கிரவுண்டை ஊனோவோடு சேர்த்துவிட்டேன். மூடி எழும்போது இப்போது 22 மில்லிவோல்ட். நாற்பது தடவை திறந்து மூடியும் திரை தெளிவாக இருக்கிறது. ஆனால் மூடி தானாகத் திறப்பது மட்டும் நிற்கவில்லை. அப்போது தூரம் 0 என்று காட்டுகிறது.

ஈயப்பற்று:
அது எக்கோ வயர், சென்சாரின் பதில் சிக்னலை ஊனோவுக்குக் கொண்டுபோவது. எக்கோ சிக்னல் வராவிட்டால் அதன் நேரத்தை அளக்கும் பல்ஸ்-இன் ஃபங்ஷன் ஒரு முழு நொடி காத்திருந்து 0 திருப்பும். உங்கள் புரோகிராமில் 15 செ.மீ.க்குக் குறைந்தால் திற என்று எழுதியிருப்பீர்கள், 0 அதற்குள் வந்துவிடுகிறது. சென்சார் பின்னில் மாட்டிய பெண் முனையைக் கழற்றி, உள்ளே இருக்கும் தகட்டு நாக்கை ஒரு குண்டூசியால் லேசாக உள்பக்கம் வளைத்துவிட்டுச் செருகுங்கள். செருகும்போது கொஞ்சம் இறுக்கம் தெரியவேண்டும்.

வயர் சரியானாலும் புரோகிராமையும் திருத்துங்கள். 0 வந்தால் அது தூரம் இல்லை, அளவு கிடைக்கவில்லை என்று எடுத்து விட்டுவிடவேண்டும். காத்திருக்கும் நேரத்தை 25,000 மைக்ரோசெகண்டாகக் கொடுங்கள். ஒரு செ.மீ.க்கு போய்வர 58 மைக்ரோசெகண்ட், 4 மீட்டருக்கு 23,200. அதற்குமேல் காத்திருந்து பயன் இல்லை. அடுத்தடுத்து மூன்று அளவு 15க்குக் கீழ் வந்தால் மட்டும் மூடி திறக்கட்டும்.

கண்காட்சிக்கு எத்தனை நாள் இருக்கிறது? ஒரு வாரம் இருந்தால் டாட் போர்டுக்கு மாற்றிவிடலாம். எது எங்கே போகிறது என்று இப்போது தெரிந்துவிட்டதே.

புதுக்கம்பி:
ஒன்பது நாள் இருக்கிறது அண்ணா. டாட் போர்டு நாளை வாங்குகிறேன்.

ஈயப்பற்று:
ஊனோவை அதில் சால்டர் அடிக்கவேண்டாம், ஆண் ஹெடர் வைத்து மேலே செருகும்படி செய்யுங்கள். ஊனோவில் 7ஆம் பின்னுக்கும் 8ஆம் பின்னுக்கும் இடையே உள்ள இடைவெளி 2.54 மி.மீ. இல்லை, 4 மி.மீ.க்குச் சற்று மேல். அதனால் டாட் போர்டின் துளையோடு அந்த வரிசை முழுதும் பொருந்தாது. சர்வோவின் சிக்னல், சென்சாரின் டிரிகர் (அளக்கத் தூண்டும் பின்), எக்கோ மூன்றையும் 2 முதல் 7 வரைக்குள் வைத்துக்கொண்டால் 8இலிருந்து தொடங்கும் ஹெடர் தேவைப்படாது. அடித்த பிறகு ஒவ்வொரு புள்ளியையும் வெளிச்சத்தில் பாருங்கள். பளபளவென்று மலை போல் சரிந்திருந்தால் பிடித்திருக்கிறது. மங்கலாக, உருண்டையாக உட்கார்ந்திருந்தால் மறுபடி சூடாக்கவேண்டும்.