சொந்த நிலம், சொந்த சாப்பாடு, சொந்த கரண்ட்: இது விடுதலையா, இல்ல முதலாளி மட்டும் மாறுறாரா?

நிலாக்காரன்
ரொம்ப நாளா மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு, இன்னிக்கு கொட்டிடறேன். நான், மனைவி, ரெண்டு பசங்க. மூணு ஏக்கர் வாங்கி அங்கேயே சின்னதா வீடு கட்டி, சாப்பாடு நாமளே விளைவிச்சு, தண்ணி மழையில இருந்து, கரண்ட் சோலார்ல இருந்து, பசங்களுக்கு பாடமும் வீட்லயே. என் நாள் எப்படி போகணும்னு இன்னொருத்தர் காலண்டர்ல முடிவாகறது எனக்கு பிடிக்கல, அவ்ளோதான் காரணம். லீவுக்கு மெயில் போட்டுட்டு அப்ரூவ் ஆச்சா ஆச்சான்னு போனை பாத்துட்டு உக்காந்திருக்கறதெல்லாம் ஒரு வாழ்க்கையா? ஒரு குடும்பம் யாரையும் எதிர்பாக்காம வாழ முடிஞ்சாதான் சுதந்திரம், மத்ததெல்லாம் கயிறு நீளமா இருக்கற மாடு, அவ்ளோதான். எதிர்த்து பேசறவங்க தாராளமா பேசுங்க, ஆனா "ஐயோ பாவம் பசங்க"ன்னு மட்டும் ஆரம்பிக்காதீங்க ப்ளீஸ்.

கணக்குப்புலி
பாவம்னு ஆரம்பிக்கல ப்ரோ, கலோரில ஆரம்பிக்கறேன். ஆளுக்கு சராசரியா 2000 கலோரின்னு வச்சா நாலு பேருக்கு வருஷத்துக்கு 29 லட்சம் கலோரி வேணும். எல்லாரும் போட்டோ போடற அந்த தக்காளி கூடை இருக்கே, ஒரு கிலோ தக்காளில வெறும் 180 கலோரிதான். உருளைக்கிழங்கு கிலோவுக்கு 770, அத மட்டுமே தின்னா கிட்டத்தட்ட 3800 கிலோ தோண்டணும். கோதுமைன்னா 860 கிலோ. அறுத்து, அடிச்சு, தூத்தி, காய வச்சு, எலிக்கும் வண்டுக்கும் கொடுக்காம காப்பாத்தி, அப்புறம் அரைச்சு. எண்ணெய்? உப்பு? தோட்டம் போடறது வேற, தன்னிறைவு வேற, ரெண்டையும் ஒரே மூச்சுல சொல்றதுதான் எனக்கு பிரச்சனை.

மண்வெட்டி
புலி சார், உங்க கணக்கை வச்சே சொல்றேன். ஹெக்டேருக்கு 3 டன் விளைஞ்சா 860 கிலோ கோதுமைக்கு முக்கால் ஏக்கர் போதும். அவர்ட்ட மூணு இருக்கு. அப்போ நிலம் பத்தலைன்னு சொல்ல முடியாதுல்ல. நான் இந்த வாழ்க்கைல பல வருஷமா இருக்கேன். தானியம் வெளிலதான் வாங்கறேன், அதுல எனக்கு ஒரு வெக்கமும் இல்ல. காய், பழம், முட்டை, பால், விறகு எங்களோடது. செலவு குறைஞ்சிடுச்சு, கடன் இல்ல, அதனால பிடிக்காத வேலைக்கு "முடியாது"ன்னு சொல்ல முடியுது. எனக்கு அதுதான் சுதந்திரம். நூத்துக்கு நூறு தன்னிறைவுன்னு யாரு கேட்டா?

கணக்குப்புலி
யாரு கேட்டாவா?? திரி போட்டவரே கேட்டிருக்காரு, "யாரையும் எதிர்பாக்காம"ன்னு எழுதிருக்காரு மேல பாருங்க. நீங்க சொல்றது செலவை குறைச்சு வாழறது, அதுக்கு நானே கை தட்டுவேன். அத வாடகை வீட்டு மொட்டை மாடில கூட செய்யலாம்.

நிலாக்காரன்
சரி யாரையும்னா அதுக்காக உப்பு கூட வாங்க மாட்டேன்னு அர்த்தம் இல்ல, ஆனா சாப்பாடு, தண்ணி, கரண்ட் மூணும் என் கைல இருக்கணும். நம்மளுக்கு முன்னாடி எவ்ளோ குடும்பம் வெறும் நிலத்துல போய் உக்காந்து கைய நம்பி வாழ்ந்து காட்டலையா? அமெரிக்கால 160 ஏக்கர் கொடுத்து அஞ்சு வருஷம் உழுது வாழ்ந்தா உனக்கே சொந்தம்னாங்களே.

கணக்குப்புலி
சூப்பர் உதாரணம், நீங்களே எடுத்து கொடுத்தீங்க. 1862 ஹோம்ஸ்டெட் சட்டம். அந்த நிலத்தை கொடுத்ததே அரசாங்கம்தான், அதுவும் ஏற்கனவே அங்க இருந்த பூர்வகுடி மக்கள்கிட்ட இருந்து பிடுங்கி கொடுத்தது. அங்க போனவங்க விளைஞ்ச கோதுமைய ரயில்ல ஏத்தி வித்துதான் கலப்பையும் துணியும் வாங்கினாங்க, தண்டவாளம் இல்லாட்டி பல ஊரே இல்ல. வறண்ட பக்கத்துல 160 ஏக்கர் பத்தவே பத்தாதுன்னு 1909ல 320 ஆக்கினாங்க. அப்பவும் காலக்கெடு முடியறதுக்குள்ள விட்டுட்டு போனவங்க ஏராளம். "கைய நம்பி"ங்கறது பின்னாடி சேத்துக்கிட்ட கதை ப்ரோ.

வழிப்போக்கன்
சோலார் இன்வெர்ட்டர் போர்டு போச்சுன்னா அதையும் விதைச்சு முளைக்க வைப்பீங்களா 😂

மண்வெட்டி
சிரிங்க சிரிங்க, அதுல ஒரு விஷயம் இருக்கு. மேகமூட்டம்னா சோலார் நாலுல ஒரு பங்குக்கும் கீழ போயிடும், லெட் ஆசிட் பேட்டரிய அடிக்கடி பாதிக்கு மேல இறக்கினா சீக்கிரமே செத்துடும். அதனால வெயில் அடிக்கறப்ப மோட்டர் போடு, துணி துவை, வெயில் இல்லையா சும்மா இருன்னு பழகிக்கணும். முதலாளி சொல்லி கேக்கறதுக்கு வானம் சொல்லி கேக்கறது எனக்கு பரவால்ல. தண்ணி கணக்கு நிலாக்காரன் போட்டாரா தெரியல. 100 சதுர மீட்டர் கூரைல வருஷத்துக்கு 1000 மில்லிமீட்டர் பெய்ஞ்சா ஒரு லட்சம் லிட்டர், சிந்தறது ஆவியாறது போக 80,000னு வைங்க. நாலு பேர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் புழங்கினா 73,000. வீட்டுக்கு சரியா போச்சு, செடிக்கு ஒரு சொட்டு இல்ல. மழை ஆறு மாசம் வரலைன்னா 36,000 லிட்டருக்கு மேல பிடிக்கற தொட்டி வேணும், அத கட்டற செலவுல பாதி பேர் திரும்பி போயிடுவாங்க. நிலம் பாக்கறதா இருந்தா வருஷத்துலயே வறண்ட மாசத்துல போய் கிணத்த எட்டி பாருங்க. பச்சையா இருக்கறப்ப எல்லா நிலமும் அழகாதான் இருக்கும்.

தேன்கூடு
இவ்ளோ நேரம் படிச்சிட்டுதான் இருந்தேன். நான் இப்படி ஒரு வீட்ல வளந்தவ. எங்கப்பாவுக்கு அது சுதந்திரம்தான், மறுக்கவே மாட்டேன், அவர் முகத்துலயே தெரியும். அம்மாவுக்கு? பீன்ஸ் அறுவடை ஆனா அத பாட்டில்ல அடைக்கணும். வெறும் கொதிக்கற தண்ணில வச்சா பத்தாது, புளிப்பு இல்லாத காய்ல பாட்டுலிசம்ங்கற உயிருக்கே ஆபத்தான உணவு விஷத்தை உண்டாக்கற கிருமியோட வித்து 100 டிகிரில சாகாது, பிரஷர் வச்சு 116 டிகிரிக்கு கொண்டு போகணும். அந்த மீட்டர் முள்ளு கீழ இறங்கிடக்கூடாதுன்னு அடுப்பு பக்கத்துலயே நிப்பாங்க, நடுவுல இறங்கிச்சுன்னா நேரத்தை திரும்ப முதல்ல இருந்து எண்ணணும். ஒரு ஏத்து முடிஞ்சதும் அடுத்த ஏத்து. வெளில யாராவது வந்தா அப்பா நிலத்தை சுத்தி காட்டிட்டு "எங்களுக்கு முதலாளி கிடையாது"ம்பார். அம்மா உள்ள முள்ளை பாத்துட்டு நிப்பாங்க.

நிலாக்காரன் அண்ணா, உங்க போஸ்ட்ல "நான்" "எனக்கு" நிறைய இருக்கு. மனைவி என்ன சொன்னாங்கன்னு ஒரு வரி கூட இல்ல.

நிலாக்காரன்
அவங்களுக்கும் விருப்பம்தான். பேசிருக்கோம்.

தேன்கூடு
விருப்பம்னா எதுக்கு விருப்பம், போறதுக்கா, இல்ல யார் எந்த வேலைய செய்யறதுங்கறதுக்கா? ரெண்டும் ஒண்ணு இல்ல. வீட்டு பாடம் யார் எடுப்பாங்க?

மண்வெட்டி
தோழி சொல்றது நியாயம், ஆனா அது இந்த வாழ்க்கையோட குத்தம் இல்லையே, அப்பார்ட்மெண்ட்லயும் அதேதான நடக்குது. அமெரிக்கால இப்படி வாழ்ந்து காட்டின ஸ்காட் நியரிங், ஹெலன் நியரிங் தம்பதிய பாருங்க. ஸ்காட்டோட அரசியல் கருத்துக்காக 1915ல யுனிவர்சிட்டி வேலைய விட்டு தூக்கினாங்க. 1932ல ரெண்டு பேரும் வெர்மாண்ட் மாநிலத்துக்கு போய் கல்லு வீடு கட்டி, மேப்பிள் மரத்து பாகு காச்சி வித்து, சாப்பாட்டு வேலைக்கு இவ்ளோ நேரம், எழுத்து படிப்புக்கு இவ்ளோ நேரம்னு நாளையே பிரிச்சு வச்சு வாழ்ந்தாங்க. அப்புறம் 1952ல மெயின்ங்கற மாநிலத்துக்கு போயும் அதேதான். ரெண்டு பேரும் சமமா உழைச்சாங்க.

கணக்குப்புலி
அவங்க கூட சின்ன பசங்க இல்ல. மாடு ஆடு கோழி எதுவும் வளக்கல, வளத்தா நாம அதுக்கு அடிமைன்னு சொல்லியே வளக்கல. பாகு வித்து காசு பாத்தாங்க. அதாவது அவங்களும் சந்தைய விடல, சுமைய பாத்து பாத்து தள்ளி வச்சாங்க. நிலாக்காரன் திட்டத்துல ஆடு இருக்கா?

நிலாக்காரன்
ஆடு இருக்கு, பாலுக்கு. நாலு ஆடு.

தேன்கூடு
பால் வேணும்னா குட்டி போடணும், 150 நாள் சினை. பிறக்கறதுல சராசரியா பாதி கிடா. அதுங்கள வெட்டுவீங்களா, விப்பீங்களா, வச்சு தீனி போடுவீங்களா? எங்க வீட்ல நாங்க பேரு வச்சுட்டோம், அப்புறம் என்ன நடந்துச்சுன்னு இங்க எழுத மாட்டேன். காலைல சாயங்காலம் ரெண்டு வேளை கறக்கணும், அதுக்கு லீவு அப்ரூவ் பண்ண மேனேஜர் கூட கிடையாது.

பசங்க விஷயத்துக்கு ஒண்ணு சொல்லிடறேன், பாவம்னு இல்ல. 1972ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட்ல ஆமிஷ்னு பழைய மாதிரி எளிமையா வாழற கிறிஸ்தவ பிரிவு குடும்பங்க கேஸ் வந்துச்சு, எட்டாவதுக்கு மேல ஸ்கூலுக்கு அனுப்ப மாட்டோம்னு. பெத்தவங்க பக்கம்தான் தீர்ப்பு. ஆனா நீதிபதி டக்ளஸ் மட்டும் ஒரு பகுதில மாறுபட்டு, அந்த பிள்ளைங்க என்ன நினைக்கறாங்கன்னு கேட்டீங்களான்னு எழுதினார். எனக்கு பிடிச்ச கேள்வி.

மண்வெட்டி
அதே ஆமிஷ்காரங்கள பாருங்க, ஒருத்தர் கொட்டகை கட்டணும்னா ஊரே வந்து நிக்கும். தனி குடும்பமா யாரும் தன்னிறைவு இல்ல அங்க, ஊரா சேந்து ஓரளவுக்கு. நானும் அதைத்தான் சொல்ல வரேன் நிலாக்காரன், மூணு ஏக்கர்ல தனியா போய் உக்காராதீங்க, கால் பிசகினா அன்னிக்கு ஆட்டை கறக்க பக்கத்துல ஒரு வீடாவது வேணும்.

கணக்குப்புலி
அப்போ "யாரையும் எதிர்பாக்காம"ங்கறது காலி. பதிவு பண்ணிக்கறேன் 😄

நிலாக்காரன்
பதிவு பண்ணிக்கோங்க, எனக்கு ஒண்ணும் குறைஞ்சு போகல. எவனோ தெரியாத கம்பெனிய எதிர்பாக்கறதும் பக்கத்து வீட்டுக்காரர எதிர்பாக்கறதும் எனக்கு ஒண்ணு கிடையாது, இதுல நான் மாற மாட்டேன்.

தேன்கூடு, இப்போதான் வீட்ல உக்காந்து பேசினோம். மனைவி வேலைய விட மாட்டாங்களாம், நெட் நல்லா கிடைக்கற இடமா இருந்தா மட்டும் வருவேன்னுட்டாங்க, பாடம் நீங்க எடுங்க, அடுப்பும் பாதி உங்களதுன்னாங்க. பெரியவனுக்கு ஃப்ரெண்ட்ஸ் வேணுமாம், ஸ்கூலுக்கே போறேங்கறான். சின்னவளுக்கு ஆடு வேணாம், நாய் போதுமாம்.

தேன்கூடு
மனைவிகிட்ட இந்த திரியோட லிங்க் கொடுங்க அண்ணா, அவங்களே எழுதட்டும்.

மண்வெட்டி
நாய் நல்லது. ஆனா குட்டில இருந்தே கோழி பக்கத்துல வச்சு பழக்குங்க, இல்லன்னா நரிக்கு முன்னாடி அதுவே வேலைய முடிச்சிடும்.