'டிரேட்', 'பிராஸ்பெக்ட்': ஈடுமாற்று, நாற்று என்று சொல்லலாமா?

அன்புடையீர், வணக்கம்.

நம் குழு உருவாக்கிவரும் பனி ஹாக்கிச் சொற்பட்டியலில், அணிகள் தங்களுக்குள் வீரர்களைக் கொடுத்துப் பெறுவதாகிய 'டிரேட்' என்பதற்கு 'வீரர் வர்த்தகம்' என்றும், முதன்மை அணிக்கு வருவார் என்று எதிர்பார்க்கப்படும் இளையவராகிய 'பிராஸ்பெக்ட்' என்பதற்கு 'எதிர்கால நட்சத்திரம்' என்றும் சென்ற வாரம் முன்மொழியப்பட்டிருந்தன. இரண்டையும் ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. நடந்தது என்ன என்று சொல்வதோடு நில்லாமல், அதன் மீதான தீர்ப்பையும் இச்சொற்கள் சேர்த்தே சொல்லிவிடுகின்றன. ஓர் இளைஞரைக் கொடுத்து மூத்தவர்களைப் பெற்றது சரியா என்று ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் வாதாடும் ஓர் ஆட்டத்தில், அந்த வாதத்தைத் தொடங்கும் முன்பே முடித்துவிடும் சொல் நமக்கு உதவாது.

இரண்டு நிகழ்வுகளை வைத்துப் பார்க்கலாம். 1988 மார்ச் 7 அன்று கால்கரி ஃபிளேம்ஸ் அணி, 23 வயது பிரெட் ஹல்லையும் ஸ்டீவ் போசெக்கையும் செயின்ட் லூயிஸ் புளூஸ் அணிக்குக் கொடுத்து, தடுப்பாட்டக்காரர் ராப் ராமேஜையும் கோல்காப்பாளர் ரிக் வாம்ஸ்லியையும் பெற்றுக்கொண்டது. ஹல் அந்தப் பருவத்தில் கால்கரிக்காக 52 ஆட்டங்களில் 26 கோல்கள் அடித்திருந்தார். புளூஸ் அணிக்குப் போன பிறகு 1990–91 பருவத்தில் மட்டும் 86 கோல்கள் அடித்தார். ஓய்வு பெறும்போது அவர் கணக்கில் 741 கோல்கள் இருந்தன. இதை மட்டும் பார்ப்பவர் கால்கரி ஏமாந்துபோனது என்றுதான் சொல்வார். ஆனால் மறு ஆண்டே, 1989இல், ராமேஜையும் வாம்ஸ்லியையும் தன் வரிசையில் வைத்திருந்த கால்கரி, வட அமெரிக்காவின் முதன்மை லீகான என்எச்எல்லின் வாகையர் பெறும் ஸ்டான்லி கோப்பையை வென்றது. அந்த அணி இதுவரை வென்றிருக்கும் ஒரே கோப்பை அதுதான். 741 கோல்களா, ஒரு கோப்பையா என்று கேட்டால் கால்கரிக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று நான் ஊகிக்கப் போவதில்லை.

இரண்டாவது நிகழ்வில் இந்த ஆறுதலும் இல்லை. 2013 ஏப்ரல் 3 அன்று வாஷிங்டன் கேப்பிட்டல்ஸ், தான் முந்தைய ஆண்டுப் புது வீரர் தேர்வின் முதல் சுற்றில் தேர்ந்தெடுத்திருந்த 18 வயது ஃபிலிப் ஃபோர்ஸ்பெர்க்கை நாஷ்வில் பிரிடேட்டர்ஸ் அணிக்கு அனுப்பிவிட்டு, 31 வயது மார்ட்டின் எராட்டையும் மைக்கேல் லாட்டாவையும் பெற்றது. எராட் ஓராண்டு முடியும் முன்பே ஃபீனிக்ஸ் அணிக்குப் போய்விட்டார். ஃபோர்ஸ்பெர்க்கோ நாஷ்வில் அணியின் வரலாற்றிலேயே மிகுதியான கோல்களை அடித்தவராக ஆகியிருக்கிறார். வடிவத்தில் இரண்டு நிகழ்வுகளும் ஒன்றே. விளைவில் வெகு தூரம். ஆகவே நம் சொல், கைமாறிய அந்த நாளில் இரு தரப்பும் ஒப்புக்கொண்டது எதுவோ அதை மட்டுமே சொல்ல வேண்டும்.

'வர்த்தகம்' என்றதும் பணம் கொடுத்து வாங்குவதும் விற்பதுமே மனத்தில் வருகின்றன. இங்கே பெரும்பாலும் ஆளுக்கு ஆள், அல்லது ஆளுக்கு வருங்காலத் தெரிவுரிமை (வரும் ஆண்டுகளின் புது வீரர் தேர்வில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை) என்றே பேச்சு நடக்கிறது. வீரரின் ஒப்பந்தமும் அப்படியே அவருடன் புது அணிக்குப் போகிறது. ஐரோப்பியக் கால்பந்தில் போலப் புதிதாக ஓர் ஒப்பந்தம் போடும் வேலை இல்லை. அதனால்தான் 'இடமாற்றம்', 'பெயர்ச்சி' ஆகியவற்றையும் விலக்குகிறேன். அவற்றில் ஒருவர் போவது தெரிகிறதே தவிர, எதிரே ஒருவர் வருவது தெரிவதில்லை. தவிரவும், பெயர்ச்சி என்றதும் நம்மவர்க்குச் சனிப்பெயர்ச்சி நினைவுக்கு வருவதை யாரும் தடுக்க முடியாது.

'பண்டமாற்று' பொருளில் நெருங்கி வந்தாலும் மனிதரைப் பண்டம் ஆக்கிவிடுகிறது. 'கைமாற்று' என்பது வட்டியில்லாமல் சில நாளுக்கு வாங்கும் கடன். 'ஆள்மாற்றம்' சற்றே பிசகினாலும் ஆள்மாறாட்டக் குற்றம் ஆகிவிடும். 'மாற்று வீரர்' என்றால் காயம்பட்டவருக்குப் பதிலாக இறங்குபவர் என்று நாளிதழ்கள் ஏற்கெனவே நிலைநிறுத்திவிட்டன.

இருந்தாலும் 'மாற்று' என்ற வேரைக் கைவிட எனக்கு மனமில்லை. பொருநராற்றுப்படையில் தேனும் கிழங்கும் கொடுத்து மீன்நெய்யும் நறவும் பெற்றுச் செல்பவர்கள் 'மாறியோர்' என்றே சொல்லப்படுகிறார்கள். ஒன்றைக் கொடுத்து ஒன்றைப் பெறுவது அந்த வினையின் பழைய பொருள். கனடாவின் ஸ்கார்பரோவில் வாழும் நம் குழு நண்பரும், தம் வீட்டில் பிள்ளைகள் 'டிரேட்' என்று சொல்ல, பெரியவர்கள் 'ஆளை மாத்திப்போட்டாங்கள்' என்று சொல்வதாக எழுதியிருந்தார். பேச்சில் உயிரோடு இருக்கும் வேருக்கு ஒரு முன்னொட்டு மட்டும் சேர்த்து 'ஈடுமாற்று' என்று வைக்கலாம் என்பது என் முன்மொழிவு. 'ஈடுமாற்றில் கொடுத்தனர்', 'ஈடுமாற்றில் வந்தவர்', 'மும்முனை ஈடுமாற்று' என்று வாக்கியத்திலும் இது தடுக்காமல் ஓடுகிறது.

ஈடு என்றால் சமம் என்ற பொருள் வந்துவிடாதா, ஃபோர்ஸ்பெர்க்குக்கு எராட் ஈடா என்று நம் குழுவின் முனைவர் ஐயா கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. ஆனால் ஈடு என்பது கொடுப்பவரும் பெறுபவரும் அந்த நேரத்தில் ஒத்துக்கொண்ட மதிப்பு. நகையை ஈடு வைக்கும்போதும் அதன் மதிப்பை நாளைய சந்தை உறுதி செய்வதில்லை. இன்னொரு வசதியும் இச்சொல்லில் இருக்கிறது. 1988 ஆகஸ்ட் 9 அன்று புகழ்பெற்ற ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கி எட்மன்டனிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்குப் போனபோது, வீரர்களும் முதல் சுற்றுத் தெரிவுரிமைகள் மூன்றும் போதாமல் 15 மில்லியன் டாலர் பணமும் எதிரே வந்தது. பண்டமாற்று என்ற சொல்லுக்குள் அந்தப் பணம் அடங்காது, ஈட்டுக்குள் அடங்கும். ஐபிஎல்லில் 2023இல் ஹார்திக் பாண்டியா முழுக்கப் பணத்துக்கே குஜராத்திலிருந்து மும்பைக்கு மாறியதையும், 2025இல் சஞ்சு சாம்சனுக்காகச் சென்னை அணி ஜடேஜாவையும் சாம் கரனையும் கொடுத்ததையும் இந்த ஒரே சொல்லால் எழுதிவிடலாம்.

அடுத்தது 'பிராஸ்பெக்ட்'. நட்சத்திரம் ஆவாரா என்பதே தெரியாத ஒருவரை எதிர்கால நட்சத்திரம் என்று அழைப்பது, முளைக்காத விதைக்கு விளைச்சல் கணக்கு எழுதுவது போன்றது. 'இளம் வீரர்' வயதை மட்டும் சொல்கிறது. 'வளர்நிலை வீரர்' பிழையில்லாத சொல்தான். அலுவலகக் கோப்பு வாடை அடிக்கிறது என்பதைத் தவிர அதன் மீது எனக்கு வேறு குறை இல்லை. நான் விரும்புவது 'நாற்று'. வட அமெரிக்காவில் முதன்மை அணிக்கு ஆள் வளர்த்துக் கொடுக்கும் கீழ்நிலை அணியைப் பண்ணை அணி என்றே அழைக்கிறார்கள். அதை 'நாற்றங்கால் அணி' ஆக்கினால் இரண்டு சொற்களும் ஒரே வயலில் நிற்கும். நாற்று வேறிடத்தில் நடப்படுவதற்காகவே வளர்க்கப்படுவது. தனக்கு மிஞ்சிய நாற்றைப் பக்கத்து வயல்காரருக்குக் கொடுப்பதும் ஊர் வழக்கம். அது தழைக்குமா சாவியாகுமா என்பதைச் சொல் முன்கூட்டிச் சொல்வதில்லை.

இதற்கு எல்லை வகுக்க வேண்டும். முதன்மை லீகில் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் கைமாறிய ஃபோர்ஸ்பெர்க் ஐயமில்லாமல் நாற்று. 26 கோல்கள் அடித்துவிட்டிருந்த ஹல்லை அப்படிச் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. அவர் ஏற்கெனவே நடப்பட்ட பயிர். ஆகவே முதன்மை அணியில் இன்னும் நிலையான இடம் பெறாதவரை மட்டுமே நாற்று என்று வரையறுக்கக் கோருகிறேன்.

'வெட்டரன்' என்பதற்கு 'மூத்த வீரர்' போதும். 'முதுவீரர்' வேண்டாம்: ராமேஜுக்கு அப்போது வயது 29. அகராதியைப் பார்த்து யாரேனும் 'முன்னாள் படைவீரர்' என்று எழுதிவிடாமல் இருந்தால் சரி.

மாதிரிக்கு ஒரு வாக்கியம்: 'வாஷிங்டன் அணி 2013இல் ஃபோர்ஸ்பெர்க் என்ற நாற்றை ஈடுமாற்றில் கொடுத்து, எராட் என்ற மூத்த வீரரையும் லாட்டாவையும் பெற்றது.' இதை உரக்கப் படித்துப் பார்த்து, எங்கே இடறுகிறது என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். என் காதுக்கு 'என்ற நாற்றை' என்னும் இடம் மட்டும் இன்னும் சற்று உறுத்துகிறது. 'நாற்று வீரரை' என்றால் சரியாகுமோ என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்.