சுகர் பீன்ஸைப் புட்டியில் அடைக்க எந்த அடுப்பு பாதுகாப்பானது?

டொங்காட் மருமகள் எழுதியது:

தென்னாப்பிரிக்காவின் டொங்காட்டிலிருந்து அனைவருக்கும் வணக்கம். சுகர் பீன்ஸ் என்னும் காய்ந்த பீன்ஸ் விதைகளை ஊறவைத்து, அரைமணி நேரம் கொதிக்கவிட்டு, அரை லிட்டர் புட்டிகளில் அடைத்து வைப்பதற்காக வெயிட் வைத்த பிரஷர் கேனர் (புட்டிகளை உள்ளே வைத்து நீராவி அழுத்தத்தில் சூடாக்கும் பெரிய கலன்) ஒன்றை வாங்கியிருக்கிறேன். அலுமினியக் கலன், புட்டிகளை நிரப்பிவிட்டால் ஒருவரால் தூக்க முடியாத கனம். சமையலறையில் கண்ணாடி மேல்தட்டு மின்னடுப்பு இருக்கிறது. கொல்லைப்புறத்தில், கல்யாணங்களுக்குப் பிரியாணி அண்டா ஏற்றும் மூன்று வளையக் கேஸ் அடுப்பும், அலமாரியில் மாமியாரின் பழைய இரட்டைக் கேஸ் அடுப்பும் இருக்கின்றன. மாமனாரோ, தம் ஆயா எல்லாவற்றையும் விறகடுப்பிலேயே செய்தார் என்கிறார். எதில் ஏற்றுவது பாதுகாப்பு என்று சொல்லுங்கள்.

சாட்ஸ்வொர்த் சமையல்காரர் எழுதியது:

தங்கச்சி, தயங்காமல் மூன்று வளைய அடுப்பில் ஏற்றுங்கள். முப்பது ஆண்டுகளாகக் கோயில் அன்னதானங்களுக்கும் கல்யாணங்களுக்கும் சமைத்து வருகிறேன். கேஸ் சுடரைக் கண்ணால் பார்த்துக் குறைக்கவும் கூட்டவும் முடியும்; மின்சாரம் நின்றாலும் அது நிற்காது. 2023ஆம் ஆண்டில் லோட்ஷெடிங் எனப்படும் முறைவைத்த மின்வெட்டு இல்லாத நாள்களை விரல்விட்டு எண்ணலாம் என்ற நிலையில் நாம் இருந்தோம். அந்த ஆண்டு, என் மகள் மின்னடுப்பில் இதே பீன்ஸை அடைத்தபோது ஐம்பதாவது நிமிடத்தில் மின்சாரம் போனது. அன்றைய உழைப்பு முழுவதும் வீணாயிற்று.

லெனேசியா ஆசிரியர் எழுதியது:

ஐயாவின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் அண்டாவுக்கு ஏற்ற அடுப்பு கேனருக்கு ஏற்றதாகிவிடாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மாங்காய் அச்சார், எலுமிச்சை ஊறுகாய் போன்றவற்றில் புளிப்பு மிகுந்திருப்பதால் அவற்றைக் கொதிநீரில் வைத்து எடுத்தாலே போதும். பீன்ஸ் அப்படிப்பட்டதன்று. புளிப்பு குறையக் குறைய உயரும் பி.எச். அளவு 4.6-க்கு மேல் உள்ள உணவில், காற்றுப் புகாத புட்டிக்குள், பாட்டுலிசம் நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் முளைத்து நஞ்சை உருவாக்கக்கூடும். அந்த வித்துகள் கொதிநீரின் சூட்டில் பிழைத்துக்கொள்ளும் என்பதால்தான் நீராவியை அடைத்து 116 பாகை செல்சியஸுக்கு ஏற்றுகிறோம். டொங்காட் கடலோரத்தில் இருப்பதால் அங்கே 10 பவுண்டு அழுத்தத்துக்கான வெயிட் போதும். நான் வசிக்கும் லெனேசியா ஆயிரத்து ஐந்நூறு மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருப்பதால் எனக்கு 15 பவுண்டு வேண்டும்.

அரை லிட்டர் புட்டியில் காய்ந்த பீன்ஸுக்கு 75 நிமிடம் என்பது, அழுத்தம் ஒரு கணமும் அந்த அளவுக்குக் கீழே இறங்காத 75 நிமிடம். எழுபதாவது நிமிடத்தில் இறங்கினாலும், மீண்டும் அழுத்தத்தை ஏற்றி, முதல் நிமிடத்திலிருந்து எண்ணத் தொடங்க வேண்டும். திறந்த வெளியில், காற்றில் சுடர் அலைபாயும் ஓர் அடுப்பில் இதை எப்படி உறுதிசெய்வது? அழுத்தம் ஏறி இறங்கும்போது புட்டிக்குள் இருக்கும் நீர் வெளியே உறிஞ்சப்படுகிறது. அதனுடன் வரும் பீன்ஸ் துணுக்கு மூடியின் விளிம்பில் ஒட்டிக்கொண்டால் புட்டி சரியாக மூடாது. வளைய அடுப்பின் மிதமிஞ்சிய சூடு இன்னொரு கேடு. பெயர்பெற்ற அமெரிக்கத் தயாரிப்பாளர் ஒருவர், மணிக்கு 12,000 பி.டி.யு.வை (சூட்டை அளக்கும் ஓர் அலகு) தாண்டும் கேஸ் அடுப்பில் தம் கேனரை வைக்கக் கூடாது என்றே எழுதியிருக்கிறார். அதற்குமேல் போனால் அலுமினிய அடிப்பாகம் நெளியலாம். நீராவி வேகமாக வெளியேறி, உள்ளே ஊற்றிய சிறிதளவு நீர் வற்றியும் போகலாம்.

விறகடுப்பைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கட்டையைத் தள்ளும் நேரத்தில் அதன் சூடு மாறிவிடும்.

என் பரிந்துரை, சுருள் வைத்த சாதாரண மின்னடுப்பு.

சாட்ஸ்வொர்த் சமையல்காரர் எழுதியது:

சூடு மிகுதி என்பதை ஏற்றுக்கொள்கிறேன். வளையங்களில் உள்வளையத்தை மட்டும் எரியவிடலாம் என்று நினைத்தே எழுதினேன். ஆனால் ஆசிரியரே, இறங்கினால் மறுபடியும் முதலிலிருந்து என்று நீங்கள் சொன்ன அதே விதிதான் மின்சாரத்தை நம்ப வேண்டாம் என்கிறது. சூடேற அரைமணி, காற்றை வெளியேற்ற நீராவியை விட வேண்டிய 10 நிமிடம், பிறகு 75 நிமிடம் என்று கூட்டினால் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகிறது. அத்தனை நேரமும் மின்சாரம் நிற்காது என்று எங்கள் தெருவில் யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள்.

லெனேசியா ஆசிரியர் எழுதியது:

அந்தக் கணக்கை மறுக்க முடியவில்லை. ஆயினும் கேஸும் பாதியில் தீரக்கூடியதுதானே? 12,000 பி.டி.யு. அளவில் எரிந்தால் மணிக்கு ஏறத்தாழக் கால் கிலோ செலவாகும். ஒன்பது கிலோ சிலிண்டரில் எவ்வளவு மீதம் என்பதைக் குலுக்கிப் பார்த்து முடிவு செய்யாமல், தராசில் நிறுத்து, சிலிண்டரின் மேல் பொறித்திருக்கும் வெற்று எடையைக் கழித்துப் பாருங்கள். அடியில் கொஞ்சமே மீதமுள்ள சிலிண்டரிலிருந்து தொடர்ந்து கேஸ் எடுக்கும்போது அது குளிர்ந்து, சுடர் மெல்ல மெல்லத் தளர்வதும் உண்டு.

தங்கையின் கண்ணாடி மேல்தட்டு அடுப்பைப் பற்றி யாரும் பேசவில்லை. அது கனம் தாங்காமல் விரிசல் விடக்கூடும். தட்டு அதிகம் சூடானால் தானாகவே மின்சாரத்தை நிறுத்தி நிறுத்தி விடும் அமைப்பும் பலவற்றில் உண்டு. தயாரிப்பாளர் எழுத்தில் அனுமதித்தாலன்றி அதில் ஏற்றாதீர்கள். இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கும் எண்ணம் இருந்தாலும், அலுமினியக் கலன் அதில் சூடாகாது.

பீனிக்ஸ் வாசகி எழுதியது:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். மழை வந்ததும் வளைய அடுப்பைக் கராஜுக்குள் இழுத்துக் கதவைச் சாத்திக்கொள்வது நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. என் அண்ணன் வீட்டில் அப்படிச் சமைத்த இருவர் தலைசுற்றி விழுந்தார்கள். கதவைத் திறந்து வெளியே கொண்டுவந்ததால் பிழைத்தார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது. கசிந்த கேஸோ காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தங்கிவிடும். இரண்டு மணி நேரம் எரியப்போகும் அடுப்பைப் பற்றிப் பேசும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

சாட்ஸ்வொர்த் சமையல்காரர் எழுதியது:

அம்மா சொன்னது முழு உண்மை. கராஜில் வேண்டவே வேண்டாம்.

தங்கச்சி, அப்படியானால் மாமியாரின் இரட்டை அடுப்பை எடுங்கள். அதன் சூடு எவ்வளவு என்பது அடியில் ஒட்டிய தகட்டில் இருக்கும். கிலோவாட்டில் எழுதியிருந்தால், மூன்றரைக்கு உட்பட்டது ஆசிரியர் சொன்ன எல்லைக்குள் அடங்கும். குழாயையும் ரெகுலேட்டரையும் புதிதாக மாற்றுங்கள். இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். ஆனால் அந்த அடுப்பின் கால்கள் கேனரின் கனத்தைத் தாங்குமா என்பதே என் கவலை. மின்னடுப்பே மேல் என்ற கருத்தை இப்போதும் நான் ஏற்கவில்லை.

லெனேசியா ஆசிரியர் எழுதியது:

மின்சாரம் நிற்காத ஊரில் நான் சொன்னதையே மறுபடியும் சொல்வேன். டொங்காட்டுக்கு, ஐயா சொன்ன இரட்டை அடுப்பை எதிர்க்க மாட்டேன். முதலில் புட்டிகள் இல்லாமல், நீர் மட்டும் ஊற்றி ஒரு முழுச் சுற்று ஓட்டிப் பாருங்கள்.

டொங்காட் மருமகள் எழுதியது:

தகட்டைப் பார்த்தேன்; பெரிய பர்னருக்கு மூன்று கிலோவாட் என்று இருக்கிறது. கால்களை நம்பாமல், அடுப்பைச் செங்கல் மேடையில் பதித்து, மூன்று பக்கம் திறந்த பின்தாழ்வாரத்தில், காற்று நேராக அடிக்காத சுவரோரமாக வைத்திருக்கிறேன். சிலிண்டரை நிறுத்ததில் ஆறு கிலோ கேஸ் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை நீர் மட்டும் ஊற்றி ஏற்றப்போகிறேன். 75 நிமிடமும் வெயிட் சீராக ஆடியதா, கடைசியில் எவ்வளவு நீர் மிஞ்சியது என்பதை அன்று மாலையே இங்கே எழுதுகிறேன்.