கேன்சாட் ரேடியோ பாதியில் ஊமையாகிறது: உதவுங்கள்

ஸ்ட்ராஸ்பர்க்கில் கோடைகால விண்வெளிப் பயிலரங்குக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறோம். மாணவர்கள் வர ஒன்பது நாள்தான் இருக்கிறது. மாதிரி கேன்சாட் (பயிற்சிக்கான குட்டிச் செயற்கைக்கோள், 350 மில்லி குளிர்பான டின் அளவுதான்) மூன்று நாளாகத் தகராறு செய்கிறது.

உள்ளே ஆர்டுயினோ நானோ (எல்லாவற்றையும் இயக்கும் சின்னக் கணினிப் பலகை), பிஎம்பி280 காற்றழுத்த சென்சார், 868 மெகாஹெர்ட்ஸ் லோரா மாட்யூல் (தொலைதூரத்துக்குத் தரவு அனுப்பும் ரேடியோ). சென்சாருக்கும் ரேடியோவுக்கும் நானோவின் 3.3 வோல்ட் பின்னிலிருந்தே மின்சாரம். நாலைந்து தரவு பாக்கெட் போனதும், அழுத்தத்தை வைத்துக் கணக்கிடும் உயரம் மைனஸில் விழும், அப்புறம் ரேடியோ மௌனம். நானோவின் விளக்கு மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் சிமிட்டிக்கொண்டே இருக்கும்!

புது பேட்டரி, யுஎஸ்பி, வேறு ஆன்டெனா, வேறு மாட்யூல், எல்லாம் மாற்றியாயிற்று. ரேடியோ அனுப்பும் திறனை 14 டிபிஎம்மிலிருந்து (ரேடியோ திறனின் அலகு) 5 ஆகக் குறைத்தால் ஓடுகிறது, ஆனால் மைதானத்தின் மறுமுனைக்கே எட்டவில்லை.

அந்தப் பின் 50 மில்லிஆம்பியர்தான் தாங்கும் என்பதால் அதன்மேல்தான் சந்தேகம். ரேடியோவுக்கு மட்டும் தனி 3.3 வோல்ட் ரெகுலேட்டர் (மின்னழுத்தத்தை நிலையாக வைக்கும் சில்லு) வைத்தால் சரியாகிவிடுமா?