அணைத்த பிறகும் தெரிந்த படம்

விமானம் ஓடுபாதையில் வேகமெடுக்கும்போது எனக்குக் கை சில்லிட்டுவிடும். எத்தனை முறை பறந்தும் இது மாறவில்லை. கண்ணெதிரே நாலு வரி எழுத்து இருந்தால் சமாளித்துவிடுவேன். அதனால் 2011இல் விசைப்பலகை வைத்த பழைய கிண்டில், அதாவது மின்புத்தகம் படிக்கும் கருவி, கைக்கு வந்தபோது அவ்வளவு சந்தோஷம். சுமார் 240 கிராம் எடை. இனித் தடித் தடியாக மூன்று புத்தகங்களைச் சுமக்க வேண்டாம் என்று நினைத்தேன்.

முதல் பயணத்திலேயே சிக்கல். கதவை மூடியதும் மின்னணுக் கருவிகளை அணைக்கச் சொல்லி அறிவிப்பு வந்தது. நானும் கீழே இருந்த பொத்தானைத் தள்ளிவிட்டேன். திரையில் யாரோ ஓர் எழுத்தாளரின் ஓவியம் வந்து நின்றது. சீட் பெல்ட் பார்த்துக்கொண்டு வந்த பணிப்பெண் என் பக்கத்தில் நின்று, "மேடம், அதை அணைத்துவிடுங்கள்" என்றார்.

"அணைத்துவிட்டேனே."

"படம் தெரிகிறதே?"

இது இ-இங்க் திரை, மின்சாரம் இல்லாவிட்டாலும் படம் அப்படியே நிற்கும் என்று விளக்க ஆரம்பித்தேன். நான் சொன்னது உண்மைதான். அந்தத் திரைக்குள் கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு உறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் வெள்ளைத் துகளும் கறுப்புத் துகளும், ஒன்றுக்கொன்று எதிரான மின்னேற்றத்தோடு. பக்கம் திருப்பும் நேரத்தில் மட்டும் மின்சாரம் பாய்ந்து அவற்றை மேலும் கீழும் நகர்த்தும். நகர்ந்தவை அங்கேயே தங்கிவிடும். பேட்டரியே தீர்ந்தாலும் கடைசியாக வந்த பக்கம் அழியாது. ஆனால் விமானம் நகரத் தொடங்கிவிட்டது, அவர் பார்க்க வேண்டிய வரிசைகள் இன்னும் பாக்கி. நான் பாடம் நடத்துகிறேன், அவர் பொறுமையாக நிற்கிறார்.

பக்கத்து இருக்கைக்காரர்தான் கை நீட்டினார். "கொடுங்கள், அந்தப் பொத்தானைச் சில விநாடி பிடித்துக்கொள்ள வேண்டும்." பிடித்தார். படம் மறைந்து திரை வெறுமையானது. பணிப்பெண் நன்றி சொல்லிவிட்டு நகர்ந்தார்.

அப்போதுதான் புரிந்தது, அவர் கேட்டதுதான் சரி. ஓவியம் தெரிந்தால் கருவி தூங்குகிறது என்று அர்த்தம், அணைந்துவிட்டது என்று அல்ல. வயர்லெஸ்ஸையும் நான் நிறுத்தியிருக்கவில்லை. திரை பற்றி எனக்குத் தெரிந்திருந்தது, கருவி பற்றித் தெரிந்திருக்கவில்லை. இதை இன்றைக்கும் வருத்தத்தோடுதான் நினைத்துக்கொள்கிறேன்.

அதற்கப்புறம் பத்தாயிரம் அடி வரை காத்திருப்பு. அன்றைய விதி அதுதான்: அந்த உயரத்துக்குக் கீழே, ஏறும்போதும் இறங்கும்போதும், கருவி எதுவும் இயங்கக் கூடாது. எனக்குப் புத்தகம் மிகவும் தேவைப்படுகிற நிமிடங்கள் சரியாக அவைதான். அந்த விதி மாறும் வரை ஒரு மெல்லிய காகிதப் புத்தகத்தைக் கூடவே வைத்துக்கொண்டேன், அந்த நிமிடங்களுக்காகவே.

இந்தத் தடை எங்கிருந்து வந்தது என்று பிறகு தேடிப் படித்தேன். ஆரம்பம் எஃப்எம் ரேடியோ. ரேடியோப் பெட்டி வெறுமனே அலையை வாங்கிக்கொள்வதில்லை. நாம் வைக்கும் நிலையத்தைவிட 10.7 மெகாஹெர்ட்ஸ் கூடுதலான ஓர் அலையைத் தனக்குள் தானே உண்டாக்கும். 100இல் பாட்டுக் கேட்டால் உள்ளே 110.7 பிறக்கிறது. விமானங்கள் திசையறியப் பயன்படுத்தும் விஓஆர் அலைவரிசை 108இலிருந்து 118 வரை. அதாவது பயணி மடியில் இருக்கும் பெட்டி, விமானி கேட்கும் இடத்திலேயே முணுமுணுக்கக்கூடும். 1960களில் அமெரிக்காவில் விதி வந்தது இந்தக் கவலையால்தான். இது வெறும் மிரட்டல் என்று நினைத்திருந்த எனக்கு, காரணம் தெரிந்ததும் கோபம் பாதி இறங்கிவிட்டது.

மீதிக் கோபம் நியாயமானது என்றே இப்போதும் நினைக்கிறேன். 2011 கடைசியில் நியூயார்க் டைம்ஸ் ஒரு சோதனைக்கூடத்தில் கிண்டிலைச் சோதிக்க வைத்தது. இயங்கும்போது அதிலிருந்து வெளியான அளவு மீட்டருக்கு 30 மைக்ரோவோல்ட்டுக்கும் குறைவு. விமானம் தாங்க வேண்டும் என்று கேட்கப்படும் அளவோ மீட்டருக்கு 100 வோல்ட். அதே டிசம்பரில் அமெரிக்க விமான நிறுவனம் ஒன்றின் விமானிகளுக்கு, காகித வரைபடங்களுக்குப் பதில் விமானி அறையிலேயே ஐபேட் வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. பயணிகளுக்கு வழி திறக்க 2013 அக்டோபர் 31 வரை ஆனது. அன்றைக்குத்தான் அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏ, கதவு மூடியதிலிருந்து திறக்கும் வரை சிறு கருவிகளைப் பயன்படுத்தலாம், ஆனால் வயர்லெஸ்ஸை நிறுத்திவைக்கும் விமானப் பயன்முறையில் இருக்க வேண்டும் என்று அறிவித்தது. ஐரோப்பாவும் சீக்கிரமே பின்தொடர்ந்தது. பனிமூட்டத்தில் இறங்கும்போது அணைக்கச் சொல்லும் உரிமை விமானிக்கு இன்றும் உண்டு; சொன்னால் உடனே அணைத்துவிடுவதுதான் முறை.

அதன் பிறகு முதல்முறை, சக்கரம் தரையை விட்டு எழும்பும் நொடியில் நான் பக்கம் திருப்பினேன். கை சில்லிட்டுத்தான் இருந்தது. ஆனாலும் அந்த அத்தியாயம் முடியும்போது ஜன்னலுக்கு வெளியே மேகம்.

2017இல் நண்பர் ஒருவருக்கு வேறு அனுபவம். அந்த வருடம் மார்ச்சிலிருந்து ஜூலை வரை, மேற்காசியா, வட ஆப்பிரிக்காவின் பத்து விமான நிலையங்களிலிருந்து அமெரிக்காவுக்கு நேராகப் போகும் விமானங்களில், கைபேசியைவிடப் பெரிய கருவி எதையும் கையில் வைத்துக்கொள்ளக் கூடாது என்றிருந்தது. தோஹாவில் அவர் வாசிப்பானும் பெட்டிக்குள் போனது. பதினைந்து மணி நேரம் எதிரிலிருந்த பாதுகாப்பு அட்டையைப் படித்துக்கொண்டிருந்தேன் என்றார்.

எனக்கு மிகவும் பிடித்த சந்திப்பு ஓர் இரவு விமானத்தில் நடந்தது. பக்கத்தில் ஒரு பெரியவர். விளக்குகளை மங்கலாக்கியிருந்தார்கள். என்னுடையது அப்போது முன்விளக்கு உள்ள வாசிப்பான், வெளிச்சத்தைக் குறைத்து வைத்திருந்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என்னம்மா, கண்ணைக் கூசாதா?" என்றார். கூசாது என்று கையில் கொடுத்தேன். எழுத்து சின்னதாக இருக்கிறது, கண்புரை அறுவைக்குப் பிறகு படிப்பதையே விட்டுவிட்டேன் என்றார். எழுத்தைப் பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன். பக்கத்துக்கு ஆறேழு வரிதான் தெரிந்தது. "இது போதும்" என்றவர், இறங்கும் அறிவிப்பு வரை தலை நிமிரவில்லை. நான் தூங்கிவிட்டேன், பயமே இல்லாமல்.

கடைசியாக, தொலைத்த கதை. போன வருடம் இறங்கும் அவசரத்தில் முன் இருக்கைப் பையிலேயே விட்டுவிட்டேன். அந்தப் பையில் வைப்பதே தப்பு; முன்னால் இருப்பவர் சாயும்போதோ நம் முழங்கால் அழுத்தும்போதோ திரை விரிசல் விடும், மெல்லியதாக இருப்பதால் எழும்போது கண்ணிலும் படாது. நல்ல வேளை, உறையின் உள்பக்கம் என் பெயரும் மின்னஞ்சலும் எழுதிய சீட்டு இருந்தது. ஒன்பதாவது நாள் தொலைந்த பொருள் பிரிவிலிருந்து அஞ்சல் வந்தது. போய் வாங்கி, நின்ற இடத்திலேயே பொத்தானை அழுத்தினேன். சார்ஜ் பாதிக்கு மேல் இருந்தது. விமானம் தரை தொட்டபோது நான் படித்துக்கொண்டிருந்த அதே பக்கம்.