நீங்கள் படத்துக்கு வைத்த பெயர், இன்னும் உறுத்துகிறதா?

சாரல்:
போன வருடம் குழுக் கண்காட்சியில் என் படம் ஒன்று இருந்தது. அப்பாவின் சாய்வு நாற்காலி, காலியாக. வலது கைப்பலகையில் காபி டம்ளர் வைத்து வைத்து விழுந்த வட்டக் கறையை மட்டும் மூன்று நாள் தீட்டினேன். பெயர் ‘காத்திருப்பு’. கடைசி நாள் அம்மா வந்தாள். கறைக்குக் கிட்டே விரலைக் கொண்டுபோனாள், தொடவில்லை. கீழே அட்டையைப் படித்துவிட்டு, “அப்பா நாற்காலின்னே போட்டிருக்கலாமேடி” என்றாள். அந்தக் குரல் இன்னும் காதிலேயே இருக்கிறது.

கரித்துண்டு:
அம்மா சொன்னதுதான் சரி. என் படம் ‘தலையீத்து’. எங்கள் பசுவின் முதல் கன்று, ஈரம் காயாமல் வைக்கோலில் கிடக்கிறது. கேட்லாக்கில் ஆங்கிலத்தில் ‘ஹெட்’ என்று போட்டுவிட்டார்கள். ஒருவர் வெகுநேரம் நின்று பார்த்து, “தலையை ஏன் இவ்வளவு சின்னதா வரைஞ்சீங்க?” என்றார். எனக்கு வாயே வரவில்லை.

நீலப்பூச்சு:
நான் பெயரே வைப்பதில்லை, ‘தலைப்பில்லாதது’தான். புயலுக்குப் பிந்தைய பனந்தோப்பு ஒன்றை வாங்கியவர் வீட்டுக்குப் போனபோது குழந்தை ஓடிவந்து, “பேய்ப் படம் வரைஞ்சது நீங்களா?” என்றது. வீடே அப்படித்தான் கூப்பிடுகிறதாம். அந்த மரங்கள் எங்கள் ஊரில் விழுந்தவை. நாம் வைக்காவிட்டால் ஊர் வைத்துவிடும். டச்சு ஓவியர் ரெம்ப்ராண்ட் 1642-இல் முடித்த ஊர்க்காவல் படைப் படத்துக்கு ‘இரவுக் காவல்’ என்பது அவர் வைத்த பெயரல்ல. வார்னிஷ் கறுத்து இருட்டாகத் தெரிந்ததால் பிற்பாடு ஒட்டிக்கொண்டது. 1940-களில் துடைத்தபோது பகல் வெளிச்சம் வெளியே வந்தது. பெயர் போகவில்லை.

தூரிகைக்கட்டு:
என் முதல் படத்துக்கு ‘மௌனம்’ என்று வைத்தேன். அதே சுவரில் இன்னும் இரண்டு ‘மௌனம்’ தொங்கின. ரொம்ப வலித்தது.
சாரல், கரித்துண்டு சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நாற்காலி கண்ணுக்கே தெரிகிறது, அதையே அட்டையிலும் சொல்வானேன்? ‘இரண்டாம் டம்ளர்’ என்று வைத்தால் கண் நேராகக் கறைக்குப் போகும். தேடல், பயணம், பெண்மை, இந்தச் சொற்களைக் கொஞ்ச காலம் விட்டுவிடுங்கள். பெயர் கிடைக்காவிட்டால் வரிசைக்கு ஒரு பெயர் போதும். சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவிய ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1960-களிலிருந்து படம் படமாக ‘சொற்களும் குறியீடுகளும்’ என்றே வரைந்தார். பெயரைக் கேன்வாஸின் பின்துணியில் மார்க்கரால் எழுதாதீர்கள், முன்பக்கம் ஊறிவிடும். சட்டக் கட்டையில் பென்சிலால் எழுதுங்கள். கரித்துண்டு, ஆங்கிலப் பெயரை நீங்களே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

கரித்துண்டு:
எழுதிப் பார்க்காமல் இருப்பேனா? ‘முதல் கன்று’ என்று ஆங்கிலத்தில் எழுதினால் ஈன்ற பசு காணாமல் போகிறது. தமிழ் எழுத்திலேயே அச்சிடுங்கள் என்று கேட்டேன். அந்த எழுத்துரு தங்களிடம் இல்லை என்றார்கள்.